சைபர் போட்ட துண்டு!

அக்கா மகள் நாலாம் வகுப்பு. ஊர் பொம்மையார்பாளையம். பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினால் கோட்டக்குப்பம், பெரிய முதலியார்சாவடி எல்லாம் தாண்டி வருமே, அந்த ஊர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு ஆசைப்பட்டுப் போனவன், கணக்கு நோட்டில் மாட்டிக்கொண்டேன்.

"டேய் தம்பி, நீதான் பி.காம். படிச்சவனாச்சே. இவளுக்குக் கணக்கு ஏறுமா ஏறாதான்னு பார்த்துச் சொல்லு. ஏறாதுன்னா அஞ்சாவதோட நிறுத்தி, கூடையைத் தலையில வெச்சுடறேன்."

அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளே அஞ்சாவதோடு நின்று மீன் கூடை தூக்கியவள்தான்.

நோட்டைப் புரட்டினேன். 'எண்ணால் எழுதுக: இருநூற்று முப்பத்தைந்து.' குழந்தை எழுதியிருந்தது 200305. 'நூற்றைந்து'க்கு 1005. இரண்டுக்கும் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா இப்படி எழுதினே?"

"மாமா, இருநூறு எப்படி எழுதுவீங்க?"

"200."

"முப்பது?"

"30."

"அஞ்சு?"

"5."

"அதைத்தானே நான் வரிசையா எழுதியிருக்கேன்!"

பி.காம். கப்சிப்!

யோசித்துப் பார்த்தால் அவள் காதில் விழுந்ததை நாணயமாக எழுதியிருக்கிறாள். அது மட்டுமில்லை சார், நம் முப்பாட்டன்மார்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார்கள்! பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து உண்டு. இருநூற்று முப்பத்தைந்து என்றால் ௨௱௩௰௫. அதாவது ரெண்டு, நூறு, மூணு, பத்து, அஞ்சு. நூற்றைந்து ௱௫. அந்த முறையில் சைபருக்கு வேலையே இல்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் பிறந்திருந்தால் எங்கள் வீட்டுக் குழந்தை முதல் மார்க்!

இப்போது நாம் எழுதும் முறை வேறு. எழுத்து ஒன்றுதான், நிற்கிற இடத்தைப் பொறுத்து மதிப்பு மாறும். ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்தைப் போல் பத்து மடங்கு என்று கி.பி. 499-லேயே ஆர்யபட்டர் எழுதி வைத்தார். இந்தியாவில் பிறந்த இந்த முறை அரேபியர் வழியாக மேற்கே போய், 1202-ல் ஃபிபொனாச்சி எழுதிய புத்தகத்தின் மூலம் ஐரோப்பாவில் பரவ ஆரம்பித்தது. உடனே மாலை போட்டு வரவேற்றார்களா? இல்லை. 1299-ல் ஃப்ளோரன்ஸ் நகரத்து நாணய மாற்று வணிகர் சங்கம், கணக்குப் புத்தகத்தில் இந்த எண்களை எழுதக் கூடாது என்று தடையே போட்டது! பெரிய பெரிய வியாபாரிகளுக்கே நூறு வருஷத்தில் பழகாத சமாசாரம். ஒன்பது வயசுக் குழந்தைக்கு ஒரு வாரத்தில் வரவில்லை என்று தலையில் குட்டுகிறோம்.

சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? இத்தாலியிலிருந்து மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் தங்க நிற மணிகள் உண்டு. தனி மணி ஒன்று. பத்து மணி கோத்தால் ஒரு கம்பி. பத்துக் கம்பி சேர்ந்தால் நூறு. தங்க மணிக்கு நான் எங்கே போக? துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவினேன். (அக்கா முறைத்தாள்.) பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. வாசல் மணலில் மூன்று கட்டம் போட்டு நூறு, பத்து, ஒன்று என்று எழுதினேன்.

இருநூற்று முப்பத்தைந்து: பெரிய கட்டு ரெண்டு, சின்னக் கட்டு மூணு, உதிரி அஞ்சு. 235. டக்கென்று எழுதிவிட்டாள். அடுத்து நூற்றைந்து. பெரிய கட்டு ஒன்று, உதிரி அஞ்சு வைத்தாள். எழுதினாள்: 15.

அடடா!

"நடுக் கட்டத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. அதான் எழுதல."

"நீ பாண்டி பஸ்ல போறே. உன் பக்கத்து சீட்டுல யாருமே இல்ல, ஒரு துண்டு கிடக்கு. உட்காருவியா?"

"உட்கார மாட்டேன். யாரோ எடம் புடிச்சிருக்காங்க."

"அந்தத் துண்டுதான் சைபர். ஆள் இல்ல, ஆனா எடம் இருக்கு. துண்டை எடுத்தா என்னாகும்? எல்லாரும் நகர்ந்து உட்கார்ந்துடுவாங்க. நூறு ரூபாய்க்காரன் பத்து ரூபாய் எடத்துக்கு எறங்கிடுவான்."

அவள் 1-க்கும் 5-க்கும் நடுவே ஒரு வட்டம் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... மீன் குழம்பை விட ருசி.

ஆபீஸ்காரர்களுக்கு இது புதுசா என்ன? அதே மனுஷன்தான். கடைசி நாற்காலியில் இருந்தால் அஞ்சு. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தால் ஐயாயிரம். முகமதிப்பு, இடமதிப்பு என்று பாடப் புத்தகம் சொல்வது இதைத்தான்!

அடுத்தது எது பெரிசு, எது சின்னது. 998, 1002 இரண்டில் எது பெரியது என்றால் 998 என்றாள். "ஒன்பது ரெண்டு இருக்கே!" நம் தமிழும் குழந்தையைக் கொஞ்சம் குழப்புகிறது. தொண்ணூறுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது, மதிப்பு 90தான். தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது, மதிப்பு 900தான். ஆகவே விதி இது: முதலில் எத்தனை இலக்கம் என்று எண்ணு. சமமாக இருந்தால் மட்டும் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு வா. பெரியவர்கள் நாமும் இதில் ஒழுங்கில்லை. செருப்புக் கடையில் 499 என்று போட்டிருந்தால் நானூறு சொச்சம் என்று மனசு நினைத்துக்கொள்கிறதா இல்லையா?

'நானூறு சொச்சம்' என்றதும் முழுமையாக்கல் வந்துவிட்டது. நம் பாஷையில், 'ரவுண்டா சொல்லு.' அதற்கு ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லைக் காட்டினேன். 40-வது கல், 50-வது கல் இரண்டில் மட்டும் டீக்கடை. நீ 47-ல் நிற்கிறாய், எது கிட்டே? ஐம்பது. 42 என்றால்? நாற்பது. நட்டநடுவில், 45-ல் நின்றால்? முன்னே போ என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. சட்டமும் வரித்தொகைக்கு இதையேதான் சொல்கிறது: ஐம்பது காசும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடு. (கல்யாண மொய்யில் மட்டும் ரவுண்டாக இருந்தால் நமக்குப் பிடிக்காது. 101, 501!)

"ஆனா ஒண்ணு. ரவுண்டா சொல்றது பேச்சுக்கு. நோட்டுல எழுதறது காசுக்கு. அங்கே ரவுண்டு கூடாது."

இதை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள் போல. உள்ளே போய் ஒரு சின்ன நோட்டை எடுத்து வந்தாள். மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தை அவள் தவணையாகக் கட்டுகிற வரவு நோட்டு. "இதைப் படிடி பார்ப்போம்" என்று மகளிடம் நீட்டினாள்.

குழந்தை விரல் வைத்து இடம் இடமாக எண்ணிப் படித்தாள். ஒவ்வொரு வரியாக வந்து ஓரிடத்தில், "ஆயிரத்து ஐம்பது."

"என்னது? ஆயிரத்து ஐநூறுல்ல குடுத்தேன்!"

மறுபடி பார்த்தாள். "இல்லம்மா. நூறு எடத்துல துண்டு கெடக்கு. அஞ்சு, பத்து எடத்துல உட்கார்ந்திருக்கு."

எனக்கு என் முதல் வேலை ஞாபகம் வந்தது. நானும் ஒரு வவுச்சரில் இப்படி இலக்கத்தை இடம் மாற்றி எழுதிவிட்டு, ஐந்தொகை பொருந்தாமல் ராத்திரி பதினோரு மணி வரை தேடியிருக்கிறேன். ஒரு பெரியவர்தான் காதில் சொன்னார்: "தம்பி, வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாரு. மீதியில்லாம போச்சுன்னா, பெரும்பாலும் இலக்கம் எடம் மாறியிருக்கும்." பத்து இடத்து 5-க்கு மதிப்பு 50. ஒரு படி ஏறினால் 500. வித்தியாசம் 450, ஒன்பது ஐம்பது. இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். ஆபீஸில் நாளைக்கே சோதித்துப் பாருங்கள்.

மறுநாள் அக்கா நோட்டோடு போனாள். வியாபாரி நல்ல மனுஷர். அவர் வைத்திருந்த நோட்டையும் பார்த்துவிட்டு, "கை தவறிடுச்சும்மா" என்று திருத்திக் கொடுத்துவிட்டார். 450 ரூபாய். கூடை சுமக்கிறவளுக்கு அது சின்னத் தொகை இல்லை.

இதே மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான், கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க, 2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கினார்கள். சாயங்காலம் தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கமே வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். திட்டம் இருக்கட்டும் சார். நம் வீட்டுப் பிள்ளை தப்பாக எழுதினால், அடிப்பதற்கு முன்னால் "ஏன் இப்படி எழுதினே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க நாமே போதும்.

கிளம்பும்போது அக்கா, "ஏண்டா, இவளுக்குக் கணக்கு ஏறுமா?" என்றாள்.

"கூடையை நீயே வெச்சுக்க."

பஸ்ஸில் ஏறினேன். ஒரே கூட்டம். ஜன்னலோரம் ஒரு சீட் மட்டும் காலி. ஆசையாக நெருங்கினேன்...

துண்டு!