கர்ப்ப காலத்தில் சத்திரசிகிச்சை: மயக்க மருந்துக்கு அஞ்ச வேண்டுமா?

பிரசவத்தோடு சம்பந்தமில்லாத நோய்கள் கர்ப்பிணித் தாய்மாருக்கும் வருகின்றன. குடல்வளரி அழற்சி, பித்தப்பைக் கல், எலும்பு முறிவு என்பன அவற்றுட் சில. உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், "மயக்க மருந்து கொடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும்?" என்று வீட்டார் கேட்பது இயல்பு. சிலர், "பிள்ளை பிறந்த பிறகு பார்ப்போம்" என்று சம்மதம் கொடுக்க மறுத்துவிடுகின்றனர். அந்தத் தாமதந்தான் ஆபத்தானது.

சுவீடன் நாட்டு ஆய்வு

சுவீடனில் 1973 முதல் 1981 வரையிலான சுமார் 720,000 கர்ப்பங்களின் பதிவுகளை இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1989இல் முடிவை வெளியிட்டனர். இவற்றுள் 5,405 சத்திரசிகிச்சைகள் கர்ப்ப காலத்தில் நடந்திருந்தன. இத்தாய்மாரின் பிள்ளைகளிடையே பிறவிக் குறைபாடுகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை. நிறை குறைந்து பிறந்தவர்களும், பிறந்து ஒரு கிழமைக்குள் இறந்தவர்களும் கூடுதலாக இருந்தனர். ஆனால் குறிப்பிட்ட எந்த மயக்க முறையும் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. தாய்க்கு வந்த நோயே காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

குடல்வளரி அழற்சி இதற்கு நல்ல உதாரணம். குடல்வளரி வெடிக்குமுன் அகற்றினால் பிள்ளையை இழப்பது நூற்றுக்குச் சிலரே. வெடித்து நஞ்சு வயிற்றில் பரவிவிட்டால் இழப்பு நூற்றுக்கு இருபதையும் தாண்டலாம்.

மயக்க மருந்து வைத்தியரின் பணி

வாய்க்காலில் நீர் குறைந்தால் கடைவயல் முதலில் வாடும். அதுபோலத் தாயின் இரத்த அழுத்தமும் ஒட்சிசனும் குறைந்தால் சிசு வாடும். எனவே தாயைச் சீராக வைத்திருப்பதே சிசுவுக்குப் பாதுகாப்பு. ஐந்து மாதமளவில் கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தத் தொடங்குவதால், தாயை இடப்பக்கம் சற்றுச் சரித்துப் படுக்க வைப்பார்கள். மயக்குமுன் முகமூடியால் ஒட்சிசன் கொடுப்பார்கள். இயலுமானபோது முழு மயக்கம் கொடாமல், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்வார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் சிசுவின் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள்.

அவசரமற்ற சத்திரசிகிச்சையைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். தவிர்க்க முடியாததாயினும் சற்றுப் பொறுக்கக்கூடியதை நடு மூன்று மாதங்களில் செய்வது நல்லது. உயிருக்கு ஆபத்தானதை எந்த மாதத்திலும் தள்ளிப்போடலாகாது.

குடும்பத்தினர் கவனத்துக்கு

1. ஓயாத வயிற்று நோவு, காய்ச்சல், சத்தி சேர்ந்து வந்தால் மசக்கை என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்பம் வளர வளர, குடல்வளரி நோவு வழமையான இடத்துக்குச் சற்று மேலேயும் தோன்றலாம். பேதி மருந்து கொடுக்க வேண்டாம். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

2. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால், கர்ப்பம் உறுதியாகாவிட்டாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

3. கடைசியாக உண்டதும் குடித்ததும் எப்போது என்பதை மறைக்காதீர்கள். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பைக்குள் போனால் உயிராபத்து. கர்ப்பிணிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

4. இடம் மாறி வாழும் தாய்மார் கிளினிக் அட்டையை எப்போதும் கையோடு வைத்திருங்கள். தொலைந்தால் அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் புதிதாகப் பதியுங்கள். கர்ப்பம் எத்தனை கிழமை, இரத்த வகை என்ன, எந்த மருந்து ஒவ்வாது என்பதை அவ்வட்டையே வைத்தியருக்குச் சொல்லும்.

5. சத்திரசிகிச்சைக்குப் பின் வயிறு இறுகி இறுகி நொந்தாலோ, இரத்தம் அல்லது நீர் போனாலோ, பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் மயக்க மருந்து வைத்தியரிடம் உங்கள் சந்தேகங்களைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தெளிவு கிடைத்ததும் தாமதியாது சம்மதியுங்கள்.