கண்ணாடி போகும், விழித்திரை?

தோழர்களே, பால் மரம் வெட்டும்போது வியர்வையில் கண்ணாடி வழுக்குவது உங்களுக்குத் தெரியாததா! லேசர் போட்டுக் கண்ணாடியைக் கழட்டிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் முன்பு விழித்திரை கிழிந்து, அதற்கு லேசர் போட்டவரா நீங்கள்? அப்படியானால் கொஞ்சம் நில்லுங்கள்.

இரண்டும் லேசர்தான், வேலை வேறு. முன்பு போட்டது கண்ணின் பின்பக்கம், கிழிசலைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி ஒட்டவைக்க. இது முன்பக்கத்துக் கருவிழியைச் செதுக்குவது. கிட்டப்பார்வை அதிகமுள்ள கண் நீண்டிருக்கும். விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். முன்னால் செதுக்கினால் பின்னால் நீளம் குறையுமா? 600 பவர் கண்ணாடி போனாலும் 600 பவர் கண்ணின் ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

அதற்காக முடியவே முடியாது என்றில்லை. பழைய கிழிசல் நன்றாக ஒட்டியிருந்தால் சிலருக்குச் செய்கிறார்கள். முதலில் பழைய அட்டையோடு விழித்திரை டாக்டரைப் பாருங்கள். விழித்திரைக்கு ஆபரேஷன் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரித்துப் பார்ப்பார். பிறகு சில மணி நேரம் மங்கலாயிருக்கும். மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிக்கிட்டு வராதீங்க.

கண்ணில் மின்னல் வெட்டுவது, திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பது, ஓரத்தில் திரை விழுந்தாற்போல நிழல், இவை தெரிந்தால் சம்பள நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.