தூண்டில் நரம்பும் உலோகக் குழலும்

ஆழ்கடலில் தூண்டிலிட்டுப் பெரிய மீனை இழந்தவர், முள் மழுங்கிவிட்டது என்றோ, மீன் மிகப் பெரியது என்றோ காரணம் கூறுவது வழக்கம். மேலே இழுத்த நரம்பின் முனையைக் கூர்ந்து பார்த்தால், உண்மைக் காரணம் வேறாக இருப்பதைச் சில சமயங்களில் காணலாம். நரம்பு நடுவில் அறுந்திராது, முள்ளும் முறிந்திராது. நரம்பையும் முள்ளையும் இணைத்திருந்த ஒரு சிறிய உலோகக் குழலிலிருந்து நரம்பு வழுகி வெளிவந்திருக்கும். அல்லது அக்குழலின் வாயிலேயே கத்தியால் வெட்டியதுபோல் துண்டாகியிருக்கும். இவை கடலில் நேர்ந்த குற்றங்கள் அல்ல. கரையில் தூண்டிலைத் தயார் செய்தபோதே நேர்ந்தவை. அக்குழலை முறையாகப் பொருத்தும் விதத்தையும், அதற்கு அடிப்படையான விஞ்ஞான உண்மைகளையும் மீன்துறைக் களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்தமான் கடலில்

அந்தமான் நிகோபார்த் தீவுகளைச் சுற்றி இந்தியாவுக்கு உரிமையுள்ள தனிப் பொருளாதாரக் கடற்பரப்பு ஏறத்தாழ 6 லட்சம் சதுர கிலோமீட்டர். நாட்டின் அத்தகைய மொத்தக் கடற்பரப்பில் இது சுமார் பத்தில் மூன்று பங்காகும். இத்தீவுகளின் கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதுமே பல இடங்களில் கடல் மிக ஆழமாகிவிடுகிறது. ஆகையால் சூரை, மயில்மீன் முதலிய ஆழ்கடற் பெருமீன்கள் இங்குக் கரைக்கு வெகு தொலைவின்றியே கிடைக்கின்றன. இந்திய மீன்வள ஆய்வு நிறுவனம் போர்ட் பிளேரில் ஒரு தளம் அமைத்து, நெடுங்கயிற்றுத் தூண்டிற் கப்பல்களைக் கொண்டு இக்கடலின் சூரை வளத்தை ஆராய்ந்து வந்துள்ளது. ஹேவ்லாக் என வழங்கி 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் பெற்ற தீவில், பெரும்பாரையைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் விளையாட்டுக்கென்றே வெளியூரார் வருகின்றனர்.

போர்ட் பிளேர் நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்நகரை அடுத்த டாலிகஞ்சில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த, தீவுகளுக்கான அடல் மையம் அமைந்துள்ளது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் அவ்வூரில் உண்டு. நாம் இங்கு ஆராயப் புகும் பொருளுக்கும் இவ்விரு துறைகளின் அறிவும் வேண்டும். குழலை நசுக்குவது கைத்தொழில். எவ்வளவு நசுக்குவது, எங்கே நசுக்கக்கூடாது என்பது விஞ்ஞானம்.

ஆயிரம் இணைப்புகள்

நெடுங்கயிற்றுத் தூண்டிலைத் தமிழகக் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்றும் கூறுவர். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் இம்முறையில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். ஊரை விட்டு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். நீண்டதொரு தாய்க்கயிற்றில் குறித்த இடைவெளிகளில் கிளைக்கயிறுகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு முள்ளைக் கட்டுவதே இதன் அமைப்பு. இக்காலத்து இயந்திரப் படகுகளில் தாய்க்கயிறாக 3 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றை இழை நைலானும், கிளைக்கயிறாகச் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள நைலானும் மிகுதியாகப் பயன்படுகின்றன. இந்த ஒற்றை இழையையே மீனவர் நரம்பு என்றும் தங்கூசி என்றும் அழைக்கின்றனர். 2 மில்லிமீட்டர் நரம்பு ஏறத்தாழ 150 கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பைத் தாங்கவல்லது.

ஒரு கிளைக்கயிற்றுக்கு மேல் முனையில் ஓர் இணைப்பும் கீழ் முனையில் ஓர் இணைப்பும் வேண்டும். இடையில் ஒரு சுழல் வளையம் சேர்ப்பின் மேலும் இரண்டு வேண்டும். 500 கிளைக்கயிறுகள் கொண்ட தூண்டிலில் 1000 முதல் 2000 இணைப்புகள் இருக்கும் என்று இதிலிருந்து அறியலாம். நூற்றுக்கு ஒன்று பழுது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு முறை கடலில் இடும் தூண்டிலில் 10 முதல் 20 பலவீனமான இடங்கள் உண்டு. ஒரு பெரிய சூரையின் விலை, அதனை இழக்கச் செய்த குழலின் விலையைப்போல் எத்தனை மடங்கு என்பதை மீனவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிச்சு ஏன் போதாது?

மெல்லிய நரம்பை நீரில் நனைத்து முடிச்சிட்டு இறுக்கலாம். விட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரைத் தாண்டியதும் நரம்பு விறைப்பாகிவிடுகிறது; கைவலிமையால் முடிச்சு முழுதும் படிவதில்லை. படியாத முடிச்சு இழுப்பு வந்ததும் நழுவும். நன்கு படிந்த முடிச்சிலும், நரம்பு கூர்மையாக வளையும் இடத்தில் வெளிப்புறம் அதிகமாக நீட்டப்படுவதால், முடிச்சில்லாத நரம்பைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே அறுபடும். ஆகவேதான் தடித்த நரம்புக்குக் குழல் இணைப்பு வழக்கத்திற்கு வந்தது. கடைகளில் ஸ்லீவ் என்று கேட்டால் கிடைக்கும் இக்குழலுக்குள் நரம்பைச் செலுத்தி, முள்ளின் கண்ணில் கோத்து, மீண்டும் அதே குழலுக்குள் திருப்பி நுழைத்து, கிரிம்பிங் குறடு எனப்படும் கருவியால் நசுக்குவர்.

பிடிப்பின் இரகசியம்

குழலுக்குள் பசையோ ஆணியோ இல்லை. நரம்பை நிறுத்தி வைப்பது உராய்வு ஒன்றே. 100 கிலோ இழுப்பு முள்ளின்மீது விழுவதாகக் கொள்வோம். முள்ளைச் சுற்றிய கண்ணி இரு கால்களை உடையது. ஒவ்வொரு காலும் 50 கிலோவை ஏற்கிறது. திரும்பி வந்த காலின் முனை குழலுக்கு அப்பால் எதனோடும் கட்டப்படவில்லை. எனவே அந்த 50 கிலோ முழுவதையும் குழலின் உட்சுவர் உராய்வால் தாங்கி, அருகிலுள்ள பிரதான நரம்புக்கு மாற்றித்தர வேண்டும். குழலில் செய்யும் நசுக்கு இப்பணியை நிறைவேற்றும் அளவுக்கு இருத்தல் அவசியம்.

இங்கே நைலானின் ஓர் இயல்பு குறுக்கிடுகிறது. இழுத்தால் அது நீளும், நீளும்போது மெலியும். கனஅளவு ஏறத்தாழ மாறாதது என்று கொண்டு கணக்கிட்டால், நூற்றுக்கு 20 பங்கு நீளும் 2 மில்லிமீட்டர் நரம்பின் விட்டம் சுமார் 1.83 மில்லிமீட்டராகக் குறையும். குழலின் வாயருகே இழுப்பு மிகுதியாதலால் மெலிவும் அங்கேதான் மிகுதி. கையால் இழுத்தபோது அசையாத இணைப்பு, மீன் இழுக்கும்போது வழுகுவதற்கு இதுவே காரணம். நரம்பைவிடப் பெரிய துளையுள்ள குழலை எவ்வளவு நசுக்கினாலும் இக்குறை நீங்காது.

“அப்படியானால் முடிந்தவரை நசுக்கிவிடலாமே” என்று தோன்றக்கூடும். அது இதனினும் பெரிய தவறு. நைலான் உலோகத்தைவிட மென்மையானது. அளவுக்கு மீறி நசுக்கினால் அதன் குறுக்குப் பரப்பு அவ்விடத்தில் குறைந்துவிடும். குழலின் விளிம்பு நரம்பில் பதிந்து வெட்டும். தளர்ந்த இணைப்பு வழுகுகிறது. மிகையாக நசுங்கிய இணைப்பு அறுபடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவை எட்டுவதே திறமை.

செய்முறை

1. நரம்பின் விட்டத்திற்கு ஏற்ற குழலைத் தெரிந்தெடுக்க வேண்டும். இரு நரம்புகளும் உள்ளே சிறிது உரசிக்கொண்டு செல்லவேண்டும், தாராளமாக ஆடக்கூடாது. நைலானுக்கு மென்மையான அலுமினியக் குழல் பொருத்தமானது. செம்புக் குழலும் வழக்கில் உண்டு. இரு துளைகள் இணைந்த இரட்டைக் குழல், நரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் காப்பாற்றும்.

2. குழலின் அளவும் வடிவமும் குறட்டின் தாடைக் குழிவோடு ஒத்திருக்க வேண்டும். மின்கம்பி வேலைக்கான கூர்முனைக் குறடு, வெட்டும் குறடு, சுத்தியல் ஆகியவற்றை இதற்குப் பயன்படுத்தலாகாது. அவை ஒரே புள்ளியில் அழுத்தி நரம்பைக் காயப்படுத்தும்.

3. நரம்பின் முனையை நேராக வெட்டி, எண்ணெயும் மணலும் இன்றித் துடைக்க வேண்டும். முள்ளின் கண்ணில் உராயும் பகுதிக்குச் சிறு பாதுகாப்புக் குழாய் அணிவிப்பது நல்லது. இது தேய்மானத்தைக் குறைக்கும்.

4. திருப்பி நுழைத்த முனை குழலுக்கு வெளியே சிறிது நீண்டிருக்கட்டும். அம்முனையருகே தீச்சுடரைக் காட்டினால் நைலான் உருகிச் சிறு குமிழாகும். சுடர் பிரதான நரம்பின்மீது படக்கூடாது. பெரும்பாலான தூண்டில் நரம்புகள் நைலான் 6 என்னும் வகையைச் சேர்ந்தவை. அது ஏறத்தாழ 220 டிகிரி செல்சியசில் உருகிவிடும். குமிழ் ஆறியபின் நரம்பைப் பின்னுக்கு இழுத்து, குமிழ் குழலுக்கு அருகே நிற்குமாறு செய்யவேண்டும். குமிழ் ஓர் உபகாப்பு மாத்திரமே. பிடிப்பின் குறையை அது ஈடுசெய்யாது.

5. குழலின் நடுப்பகுதியில் தொடங்கி நசுக்க வேண்டும். இரு வாய்களிலும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவை நசுக்காமல் விட்டுவிட வேண்டும். அப்பகுதி மணியின் வாய்போல் சற்று விரிந்து நின்றால், நரம்பு கூரிய விளிம்பில் மோதாமல் வெளிவரும். இந்த ஒரு விதியைக் கைக்கொண்டாலே குழல் வாயில் அறுபடும் நரம்புகள் வெகுவாகக் குறையும்.

6. குழலின் வாயருகே நரம்பில் மையால் ஒரு கோடு இட்டு, முள்ளை உறுதியான கொக்கியில் மாட்டி, கண்ணையும் கையையும் காத்துக்கொண்டு பலமாக இழுக்க வேண்டும். கோடு இடம் பெயர்ந்தால் இணைப்பு தகாதது. குழல் வளைந்திருந்தாலும் வெடித்திருந்தாலும் அதனை வெட்டி எறிந்து, புதிய குழலால் செய்யவேண்டும். பழைய குழலை மறுமுறை நசுக்கிச் சீர்செய்ய முயல்வது வீண்.

செய்து முடித்த இணைப்பும் என்றென்றைக்கும் நிலைப்பதன்று. உப்பு நீரில் அலுமினியம் வேறு உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் மின்வேதி அரிப்பு நிகழும். வெண்பொடி பூத்த குழலைக் கண்டால் மாற்றிவிட வேண்டும். வெயிலில் நெடுநாள் கிடந்த நரம்பும் வலுவிழக்கும். பெரிய மீனொன்றைத் தாங்கிய கிளைக்கயிற்றின் இணைப்புகளை மீண்டும் கடலில் இடுமுன் பரிசோதிப்பது முறை.

முனை கூறும் செய்தி

தோல்வியுற்ற நரம்பைக் கடலில் எறிந்துவிடாமல் கரைக்குக் கொண்டுவருமாறு மீனவர்களிடம் களப்பணியாளர் கேட்டுக்கொள்ள வேண்டும். முனை சுரண்டுண்டு முழுதாக வெளிவந்திருந்தால், குழல் பெரியது அல்லது நசுக்கு போதவில்லை. குழலின் வாயில் தட்டையாகி அறுந்திருந்தால், நசுக்கு மிகை அல்லது விளிம்பு நசுக்கப்பட்டுவிட்டது. குழலே பிளந்திருந்தால், குறட்டின் தாடை பொருந்தவில்லை. இணைப்புக்கு வெகுதூரத்தில் நரம்பு அறுந்திருந்தால், இணைப்பு தன் கடமையைச் செய்தது என்று பொருள். நரம்பின் தேய்மானத்தையோ சுறாவின் பல்லையோ அங்கே தேடவேண்டும்.

உயிருக்கும் ஊறு

இணைப்பு விடுபடுவதால் மீன் மட்டுமே போகிறது என்று எண்ணிவிடக்கூடாது. 10 மீட்டர் நீளமுள்ள நரம்பு 100 கிலோ இழுப்பில் 1 மீட்டர் நீண்டிருப்பதாகக் கொண்டால், அதில் சேமிக்கப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 490 ஜூல். இது 50 கிலோ மூட்டை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலுக்குச் சமம். இணைப்பு திடீரென விடுபட்டால், நரம்பில் எஞ்சியுள்ள ஈயமோ சுழல் வளையமோ இழுப்பவரை நோக்கித் திரும்பிப் பாயும். பல நாடுகளின் தூண்டிற் கப்பல்களில் இவ்வாறு காயமுற்றோர் உண்டு. இறுகிய நரம்பின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கலாகாது என்பதை ஒவ்வொரு பயிற்சியிலும் வற்புறுத்த வேண்டும். தப்பிய மீனும் நலமாகத் தப்புவதில்லை. வாயில் முள்ளோடு திரிகிறது. அறுந்து கடலில் தங்கும் நைலானோ எளிதில் மக்குவதில்லை.

வகுப்பறையில்

தடித்த நரம்பை அறுத்துக் காட்டுவது பள்ளிக்கு ஏற்றதன்று. 2 அல்லது 3 கிலோ தாங்கும் மெல்லிய நரம்பே போதும். உருண்ட மரக்கோலில் நரம்பைப் பல சுற்றுச் சுற்றி, அதன் முனையை ஒட்டுத்தாளால் ஒட்டி, மறுமுனையை ஒரு வாளியின் கைப்பிடியிலும் அவ்வாறே பல சுற்றுச் சுற்றி ஒட்டித் தொங்கவிட வேண்டும். வாளி தரையில் பரப்பிய சாக்குக்குச் சற்று மேலே நிற்கட்டும். மாணவர்கள் விலகி நிற்கட்டும். அளவுக் குவளையால் நீரை ஊற்றினால், ஒரு லிட்டர் ஒரு கிலோ என்ற கணக்கில், வாளியின் எடையையும் சேர்த்து, அறுபடும் எடையை அறியலாம். பின்னர் நரம்பின் நடுவே ஒரு முடிச்சிட்டு இதே பரிசோதனையைச் செய்தால், முடிச்சால் நேரும் இழப்பை மாணவரே கணக்கிடுவர். கோலில் சுற்றிய நரம்பு முடிச்சின்றியே நிற்பது ஏன் என்ற வினாவை எழுப்பினால், உராய்வைப் பற்றிய பாடம் தானே தொடங்கிவிடும்.

மெலிவை விளக்க ஒரு சைக்கிள் வால்வு ரப்பர் குழாயும், அதன்மேல் சற்றே இறுக்கமாக நிற்கும் ஒரு சிறு வளையமும் போதும். குழாயை இழுத்ததும் வளையம் தளர்ந்து நழுவுவதைச் சிறுவரும் காண்பர். அவ்வளையத்தின் நிலையே, கையிழுப்பில் நின்று மீனின் இழுப்பில் கைவிடும் உலோகக் குழலின் நிலையுமாகும்.

ஜங்லிகாட் மீன்பிடித் துறையிலோ, தூத்தூர்க் கரையிலோ அமர்ந்து தூண்டில் கட்டும் ஒருவருக்கு ஒரு குழலைச் செம்மையாகப் பொருத்த ஆகும் காலம் மிகச் சிறிது. களப்பணியாளர் தம் பையில் சரியான இணைப்பு ஒன்றையும், தோல்வியுற்ற முனைகள் மூன்று நான்கையும் ஓர் அட்டையில் தைத்து எடுத்துச் செல்வாராயின், நீண்ட சொற்பொழிவுக்கு அவசியம் நேராது. அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கும் மீனவர், தாம் இழந்த மீனின் காரணத்தை அதில் தாமே கண்டுகொள்வார்.