ஒரு சொல்லும் அறுபத்தாறு பாடல்களும்

திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணியை அடுத்துள்ள திருவாலங்காடு, ஆடல்வல்லானின் ஐந்து அவைகளுள் ஒன்றாகிய இரத்தின சபை அமைந்த ஊர். இங்குள்ள சுடுகாட்டைத் தம் பாட்டின் களமாகக் கொண்டவர் காரைக்கால் அம்மையார். மூத்த திருப்பதிகம் எனப்படும் அவருடைய இரு பதிகங்களிலும் அவர் தம்மைக் குறித்துச் சொல்வது மிகக் குறைவு. காரைக்காலைச் சேர்ந்த பேய் என்று சொல்லிக்கொள்கிறார், அவ்வளவே. பெற்றோர், கணவர், மாங்கனி எவையும் அப்பாடல்களில் இல்லை.

கி.பி. 8ஆம் நூற்றாண்டில் அடியார்களின் பெயர்களைத் தொகுத்துப் பாடிய சுந்தரர், அவரைப் 'பேயார்' என்னும் ஒரே சொல்லால் சுட்டினார். பின்வந்த நம்பியாண்டார் நம்பி ஒரு பாடலை ஒதுக்கினார். கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தது, உமையம்மை நகைத்தது, இறைவன் 'என் அம்மை' என்றது ஆகியவை அதில் உள்ளன. இவற்றை வைத்துக்கொண்டு, கி.பி. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராகிய சேக்கிழார் 66 பாடல்களில் ஒரு வாழ்க்கையை எழுதினார்.

மக்களிடையே வழங்கிய செய்திகளும் அவருக்குக் கிடைத்திருக்கலாம். ஆயினும், ஒரு பெண் தன்னை ஏன் பேய் என்று அழைத்துக்கொண்டாள் என்னும் வினாவே அவர் உள்ளத்தை அலைக்கழித்திருக்க வேண்டும். கதையின் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அவ்வினாவை நோக்கியே நகர்கிறது. கடைக்கு வந்த இரு மாங்கனிகளைக் கணவன் வீட்டிற்கு அனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. அதனால் புனிதவதி ஒரு கனியைச் சோற்றுடன் படைக்கிறார். கறி ஆகியிருந்தால் கனிக்கு வேலையில்லை, கதையும் இல்லை! வியப்புக்குரிய நிகழ்ச்சிக்கு அடுப்படியில் காரணம் தேடியது சேக்கிழாரின் நுட்பம்.

கணவன் பரமதத்தனைக் கொடியவனாகக் காட்டியிருந்தால் எழுதுவது எளிதாகியிருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. இறையருளால் வந்த கனி தன் கையிலிருந்து மறைந்ததைக் கண்டவன், மனைவியைத் தெய்வம் என்று அஞ்சி விலகுகிறான். கடல் கடந்து வாணிகம் செய்து, பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு அவர் பெயரையே இடுகிறான். தேடி வந்த புனிதவதியின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். கணவனே வணங்கிய பின், அவனுக்காகத் தாங்கிய அழகு எதற்கு? அதை உதறிவிட்டுப் பேய் வடிவம் வேண்டுகிறார். ஒரு சொல்லுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

முன்னோர் தந்ததையும் சேக்கிழார் அப்படியே ஏற்கவில்லை. நம்பியின் பாடலில் நகைத்த உமை, இவரிடம் அந்த எலும்புடம்பின் அன்பைக் கண்டு வியக்கிறாள். இறைவன் 'அம்மையே' என்றழைக்க, அவர் 'அப்பா' என்கிறார். முதற்சொல்லின் வித்து நம்பியிடம் உள்ளது. இரண்டாவதன் வித்தோ அம்மையாரின் பதிகத்திலேயே உள்ளது. ஆலங்காட்டில் ஆடுபவனை அவர் பாடலுக்குப் பாடல் 'அப்பன்' என்றே பாடியிருக்கிறார். எங்கோ கிடந்த இரு சொற்களை எதிரெதிரே நிறுத்தியதும் ஓர் உரையாடல் பிறந்துவிட்டது.

அதே பதிகத்தில் வேறொரு தாயும் இருக்கிறாள். பேய் ஒன்று தன் குழந்தைக்குக் காளி என்று பெயரிட்டு, புழுதி துடைத்துப் பாலூட்டிவிட்டுப் போகிறது. போன தாய் திரும்பாததால் குழந்தை அழுது அழுதே உறங்கிவிடுகிறது. சுடுகாட்டை அஞ்சத்தக்க இடமாக மட்டும் கண்டவர் இவ்வாறு பாடியிருக்க மாட்டார்.

இக்காட்சிகளைச் சேக்கிழார் நன்கறிந்தவர். எனினும் அம்மையார் ஆலங்காட்டை அடைந்ததும் அவர் சுடுகாட்டை விரித்துரைக்கவில்லை. இரு பதிகங்களின் தொடக்கச் சொற்களை மட்டும் சுட்டிவிட்டு, அந்நிலத்தை அதைப் பாடியவரிடமே விட்டுவிடுகிறார்.