கடலாமைக்கு இரவுக் காவல்

சென்னையில் 1988-ஆம் ஆண்டு மாணவர்கள் சிலர் கூடித் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்றும் இயங்கி வருகிறது. சென்ற தை மாதம் நானும் அதில் சேர்ந்தேன். நீந்தத் தெரிய வேண்டியதில்லை. நடக்கத் தெரிந்தால் போதும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர், நள்ளிரவில், மணலில்!

நம் கரைக்கு வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குடம்போல் ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. அதன் பிறகு தாய் எட்டிப் பார்ப்பதில்லை. நாய்கள் பார்க்கின்றன. ஆகவே நாங்கள் தடத்தைத் தொடர்ந்து சென்று, கம்பால் மெல்லக் குத்தி, மணல் இளகிய இடத்தைக் கண்டு முட்டைகளை எடுக்கிறோம்.

எடுத்தவற்றைச் சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தாக வேண்டும். கரு விரைவில் ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதும் மணலின் வெப்பமே. வெப்பம் மிகுந்தால் பெண். (விலங்கியல் நண்பர்கள் இதைத் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளலாம்.)

சுமார் 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி ஓடுவது அவற்றின் இயல்பு. முன்னாளில் அது கடல். இன்று சாலை விளக்கு. எனவே பொரிப்பகத்திலிருந்து கொண்டுபோய் அலையோரம் விடுகிறோம்.

எங்கள் விடுதியிலிருந்து இவ்வாண்டு இருவர்தாம் சென்றோம். அடுத்த தையில் பத்துப் பேராவது வேண்டும். விடுதிக் காப்பாளர் அனுமதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். டார்ச் விளக்கு மட்டும் வேண்டாம். வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.