தாய்ப்பாலில் இன்னொரு பங்கு

பேரன் பிறந்திருக்கிறான், முதலில் ஊறும் மஞ்சள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். வேண்டாம் அம்மா. பிசுபிசுவென்று சில சொட்டுதான் வந்தாலும் அதையே புகட்டச் சொல்லுங்கள். முதல் நாளில் பச்சைக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே ஒரு தேக்கரண்டி அளவுதான்.

இந்த மஞ்சள் பாலான சீம்பாலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் எல்லோருக்கும் தெரிந்ததே. என்னை வியக்க வைப்பது அதிலுள்ள ஒருவகைச் சர்க்கரை. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இவற்றுக்கு அடுத்தபடி மிகுந்திருப்பவை ஒலிகோசாக்கரைடுகள். 150 வகைகளுக்கு மேல் கண்டிருக்கிறார்கள். சீம்பாலில் லிட்டருக்கு 20 கிராம்கூட இருக்கும். நாளாக ஆகக் குறையும். பசும்பாலிலோ மிகச் சொற்பம். இவ்வளவு இருந்தும், குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது! அதற்கான நொதிகள் மனிதக் குடலில் கிடையாது.

பிறகு யாருக்காகச் சுரக்கிறது? குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியங்களுக்காக. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் இவற்றை முதலில் கண்டவர் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் ஆன்ரி டிசியே. 1900-ஐ ஒட்டிய காலம் அது. இவற்றில் இன்ஃபான்டிஸ் என்ற வகை, சர்க்கரையை முழுசாகத் தன் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு உள்ளே வைத்துத்தான் உடைக்கும். வெளியே மிச்சம் சிந்தாது. தின்றதற்கு ஈடாக அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் விடும். குடல் புளிக்கிறது, புளிப்பு ஆகாத கெட்ட கிருமிகள் அங்கே தங்க முடிவதில்லை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் என் அம்மா எங்களுக்கு இலை போடுவார். தாயின் உடம்பும் பிள்ளைக்கு ஊட்டும்போதே இன்னோர் உயிருக்கும் பங்கு வைத்துவிடுகிறது.

ஒடிசா கிராமங்களில் தாய்ப்பால் குடிக்கும் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2017-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு ஒரு நல்ல லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிரையும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையையும் ஏழு நாள் கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்த்து, கொடுக்காத பிரிவில் 9 சதவீதம். கொடுத்த பிரிவில் 5.4. மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்கிற விஷயமல்ல இது. ஆனால் குடலில் முதலில் யார் குடியேறுகிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை என்று புரிகிறதல்லவா?

நம்மிடம் அந்தக் கவலையைக் காணோம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். உயிர் காக்கச் செய்வதை யார் குறை சொல்வார்கள்? நல்ல நேரம் குறித்து வாங்கி அறுப்பதுதான் வருத்தம். அப்படிப் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் குடல் நுண்ணுயிர்கள் சரியாக வந்து சேர்வதில்லை. தாய்க்கு ஆன்டிபயாடிக் வேறு போடுகிறார்கள். போதாததற்கு, தாய் மயக்கத்தில் இருக்கிறாள் என்று புட்டிப்பாலைத் தொடங்கிவிடுகிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு அறுத்த தாய் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். செவிலியர் ஒருவர் பக்கத்தில் நின்று தாங்கிப் பிடித்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்துவிடலாம்.