முழங்கால் வலி: பயிற்சிக்கு ஆஸ்பத்திரியா, செல்போனா?

"ஏங்க, உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை. முழங்கால் உசிரை வாங்குது" என்கிறாள் மனைவி. "அறுப்பு முடியட்டும், டவுனுக்குப் போய்க் காட்டலாம்" என்கிறார் கணவர். அறுப்பு முடிந்தால் அடுத்த நடவு வந்துவிடுகிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த வலி அதிகம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்வது முக்கியக் காரணம். வலிக்குப் பயந்து காலை அசைக்காமலே வைத்திருந்தால் தொடைச் சதை இளைத்து, மூட்டின்மேல் பாரம் கூடுகிறது. மாத்திரை வலியை மட்டுப்படுத்தும். தொடைக்குப் பலம் தராது. பலம் தருவது பயிற்சிதான்.

பயிற்சி சொல்லித் தருபவர் பிசியோதெரபி டாக்டர். ஆனால் ஒரு தடவை போய்வந்தால் போதாதே! பஸ் செலவு ஒரு பக்கம், அன்றைய கூலி ஒரு பக்கம். இரண்டு தடவை போய்விட்டு நின்றுவிடுபவர்கள் பலர்.

சரி, செல்போன் வீடியோவில் டாக்டரைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் பலன் உண்டா? ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட முழங்கால் வலியுள்ள 394 பேரிடம் இதைச் சோதித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலர் நேரில் போனார்கள், மற்றவர்கள் வீடியோவில் பேசினார்கள். எல்லோருக்கும் 3 மாதத்தில் 5 ஆலோசனைகள். வலி குறைந்ததிலும், நடமாட்டம் தேறியதிலும் வீடியோவில் கற்றவர்கள் பின்தங்கவில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. டாக்டர் சொல்லித் தருவது கொஞ்ச நேரம்தான். மற்ற நாளெல்லாம் வீட்டில் நாம்தானே செய்கிறோம்?

இருந்தாலும் முதல் தடவை நேரில் காட்டிவிடுவதே நல்லது. மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ, அடிபட்டுக் கால் ஊன்ற முடியாவிட்டாலோ செல்போனை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

எளிய பயிற்சி ஒன்று: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். தொடையை இறுக்கி, மெதுவாக 5 எண்ணிவிட்டு இறக்குங்கள். இப்படிக் காலுக்குப் பத்துத் தடவை. செய்யும்போது லேசாக வலிக்கலாம், பயம் வேண்டாம். மறுநாள் வீங்கினாலோ வலி கூடினாலோ எண்ணிக்கையைக் குறைத்து, டாக்டரிடம் சொல்லுங்கள்.

கணவருக்கும் இதில் வேலை உண்டு. வீடியோ நேரத்தில் செல்போனை முழங்கால் தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் மணி நேரம் அடுப்பையும் கவனித்துக்கொண்டால் இன்னும் நல்லது.